கதவுல கட்டின மணி

எங்க பக்கத்துல நாய்க்கு "வெளிய போகணும்னா சொல்லு"ன்னு யாரும் கத்துக் கொடுத்ததில்லைங்க. அதுக்குத் தேவையே இருந்ததில்லை. உள்ளே இருக்கிற நாய்தானே வெளியே போகக் கேக்கும்? எங்க நாய்க்குப் பகல் முழுக்க களத்து வேப்பமரத்து நிழல், பொழுதோட கட்டுத்தரை ஓரம், ராத்திரி வாசல். சோறு போடுற வட்டலும் வாசல்லதான். தப்பித் தவறி ஆசாரத்துக்குள்ள கால் வெச்சா அம்மா சீமாத்தைத் தூக்கிருவாங்க. அது தன் வேலையை எப்போ, எங்கே முடிக்குதுன்னு வீட்டில் ஒருத்தரும் யோசிச்சதே கிடையாது.

அதை மாத்துனது சிறுத்தை.

எங்க தோட்டம் சத்தியமங்கலத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் ரெண்டு தோட்டம், ஒரு ஓடை, அதைத் தாண்டினா காடு. 2013ல் புலிகள் காப்பகமா அறிவிச்ச காடு அது. யானை வரும், பன்னி வரும், மான் வரும். அதெல்லாம் பயிருக்காக வர்றது. சிறுத்தை வர்றது ஆட்டுக்கும் நாய்க்கும்.

நாயைக் காவலுக்கு வெச்சிருக்கோம்னு நாம நினைச்சுக்கறோம். சிறுத்தை அதைச் சாப்பாடாத்தான் பாக்குது. மகாராஷ்டிராவில் அகோலே பக்கம், கரும்புக் காடும் ஊரும் கலந்து கிடக்கிற இடத்தில், சிறுத்தையோட எச்சத்தைச் சேகரிச்சு அது என்ன தின்னுதுன்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. எடைக் கணக்கில் 39 சதவீதம் நாய். அந்த ஊர்களில் நாயை விட ஆடு பல மடங்கு அதிகம், இருந்தும் நாய்தான் முதலிடம். காரணம் விவசாயிக்குச் சட்டுனு புரியும். ஆட்டை ராத்திரி பட்டியில் அடைச்சுருவோம். நாயை யாரும் அடைக்க மாட்டோம்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தை மாசம் ஒரு ராத்திரி, பக்கத்துத் தோட்டத்து நாயைத் திண்ணையில் இருந்தே தூக்கிட்டுப் போயிருச்சு. விடிஞ்சு பாத்தா சங்கிலியும் கழுத்துப் பட்டையும்தான் கிடந்தது. கட்டிப் போட்ட நாய் ஓடக்கூட முடியாதுங்க. சங்கிலியைப் பாத்துட்டு வந்த அம்மா அன்னைக்குப் பொழுதோட என்கிட்ட சொன்னாங்க: "அவனை உள்ள கூட்டிட்டு வந்துரு, கண்ணு." சீமாறு எடுத்த அதே அம்மாதான்.

எங்க நாய் பேரு மணி. தமிழ்நாட்டில் பாதி நாய்க்கு அதான் பேரு, எங்களுக்கும் வேற தோணலை. அப்போ அவனுக்கு நாலு வயசு. சாதாரண நாட்டு நாய், செவலை. நாலு வருசமா வானத்துக்குக் கீழயே படுத்தவன், முதல் ராத்திரி ஆசாரத்தில் ஒரு இடத்தில் படுக்கலை. காலையில் பாத்தா, விலைக்காக அடுக்கி வெச்சிருந்த மஞ்சள் மூட்டையில் ஓரத்து மூட்டை நனைஞ்சிருந்தது.

மஞ்சள் வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், அது சின்ன விஷயம் இல்லை. வேக வெச்சு, காய வெச்சு, பாலீஷ் போட்டு, நல்ல விலை வரட்டும்னு மாசக்கணக்கில் காத்திருக்கிற சரக்கு. ஈரம் பட்டா பூஞ்சை பிடிக்கும். ஒரு மூட்டையில் பிடிச்சா அடுத்ததுக்கும் போகும். ரெண்டாவது நாளும் அதே மூட்டை. மூணாவது நாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து பாத்துட்டு யோசனை சொன்னார்: "மூஞ்சியப் புடிச்சு அதுலயே ஒரு தேய் தேச்சு உடு மாப்ள. மறுக்கா போவானா பாரு."

ஊரில் ரொம்ப காலமா இருக்கிற வைத்தியம் இது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மாடு பழக்குற எவனுக்கும் இருக்காது. ஏர் பழகுற காளையை, தப்புப் பண்ணி அரை மணி நேரம் கழிச்சு அடிச்சா அதுக்கு என்ன விளங்கும்? இந்த ஆள் கையில் சாட்டையோட வந்தா ஆபத்துன்னு மட்டும் விளங்கும். நாயும் அப்படித்தான். மூஞ்சியைத் தேச்ச நாய் "வீட்டுக்குள்ள போகக் கூடாது"ன்னு கத்துக்காது. "இவன் பாக்குறப்போ போகக் கூடாது"ன்னு கத்துக்கும். அப்புறம் குதிருக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில்னு மறைவா இடம் தேடும். அதோட, ஆளுக்கு முன்னாடி போகவே பயந்துட்டா, வெளியே கூட்டிட்டுப் போனாலும் நம்ம பக்கத்தில் நின்னு போகாது. சிறுத்தை திரியுற ராத்திரியில் என் காலடியில் நின்னு அவன் வேலையை முடிக்கணும். அதுக்கு முதல்ல என்மேல பயம் இருக்கக் கூடாது.

உண்மையில் படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணக் கூடாதுங்கறது நாய்க்குப் பிறவியிலேயே ஓரளவு இருக்கு. பிறந்து ஏறக்குறைய மூணு வாரம் வரைக்கும் குட்டி தானா ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போகாது. தாய் நக்கி விட்டாத்தான் வரும், தாயே சுத்தமும் பண்ணிரும். அதுக்கப்புறம் நடக்கக் கத்துக்கிட்ட உடனே குட்டி படுக்கையை விட்டு நாலடி தள்ளிப் போய்த்தான் உக்காரும். சிக்கல் என்னன்னா, நம்ம வீடு முழுக்க அதோட படுக்கைன்னு அதுக்குத் தெரியாது. அது படுக்கிற சாக்கு மட்டும்தான் அதுக்கு வீடு. மூலையில் இருக்கிற மூட்டை அதுக்கு வெளியூர். மண்ணில் போய்ப் பழகினவனுக்கு வழுக்குற சிமெண்ட் தரையை விட, ஈரத்தை உறிஞ்சுற சணல் சாக்கு மண்ணு மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

முதல் வேலையா மூட்டைகளைப் பலகை மேல ஏத்தி, சுத்தித் தகரம் மறைச்சேன். நனைஞ்ச இடத்தை வினிகர் கலந்த தண்ணியில் ரெண்டு தடவை கழுவினோம். பினாயில் ஊத்துனா நம்ம மூக்குக்குத்தான் வாசனை மாறும். நாய் மூக்குக்குப் பழைய வாசம் அப்படியே இருக்கும், "இதுதான் உன் இடம்"னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு வெச்ச சோத்தை ஆறு மணிக்கு மாத்தினோம். நல்லா வளர்ந்த நாய் ஏழெட்டு மணி நேரம் அடக்கும். ஆனா இவன் நாலு வருசமா நினைச்சப்போ எந்திரிச்சுப் போய்ப் பழகினவன், அடக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

அடுத்த உதவி வந்தது அம்மாகிட்ட இருந்து. இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆனதில் இருந்து அம்மா ஆசாரத்தில் கட்டில் போட்டுத்தான் படுக்கறாங்க. வாக்கர் பிடிச்சு நடப்பாங்க. தூக்கம் ரொம்பக் கம்மி. நாலாவது நாள் காலையில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க:

"அவன் மூணு நடை நடக்கறான் கண்ணு. மொதல்ல கதவுக்குப் போயி கீழ மோந்து பாக்கறான். திரும்ப வந்து என்னையப் பாக்கறான். மறுக்கா கதவுக்குப் போறான். யாரும் வரலீன்னாத்தான் மூணாவது நடை மூட்டைக்குப் போறான். அவன் கேக்கத்தான் செய்யறான். கேக்கறதுக்கு ஆளு முழிச்சிருக்கோணுமல்ல?"

நான் வாங்கிப் படிச்ச எந்தப் புத்தகத்தையும் விட இது தெளிவா இருந்தது. எல்லா நாயும் ஏதோ ஒரு விதத்தில் கேக்குது. சிலது தரையை மோந்துக்கிட்டே வட்டம் போடும். சிலது திடீர்னு விளையாட்டை நிறுத்தும். சிலது உதட்டை நக்கும், கதவையும் நம்மையும் மாத்தி மாத்திப் பாக்கும். நாம கத்துக் கொடுக்கறது புது மொழி இல்லைங்க. அது ஏற்கெனவே மெதுவாச் சொல்றதை நம்ம காதுல விழுற மாதிரி சத்தமாச் சொல்ல வைக்கறதுதான் மொத்தப் பாடமும். அதுக்குத்தான் மணி.

கன்னுக்குட்டிக் கழுத்தில் கட்டி இருந்த பழைய வெண்கல மணி ஒண்ணு பரண்ல கிடந்தது. அதைக் கயித்தில் கட்டிக் கதவுத் தாழ்ப்பாளில் தொங்கவிட்டேன், அவன் மூக்கு உயரத்துக்கு. பழக்கின விதத்தை விவரமாச் சொல்றேன், யாருக்காச்சும் உதவும்.

முதல் ரெண்டு நாள் கதவுப் பக்கமே போகலை. மணியைக் கையில் பிடிச்சு அவன் முன்னாடி நீட்டுவேன். மோந்து பாக்க மூக்கு படும், லேசா ஒலிக்கும். அந்தக் கணமே வறுத்த நிலக்கடலை அளவு கருவாட்டுத் துண்டு. "கணமே"ங்கறது முக்கியம். ரெண்டு மூணு நொடி தள்ளிப் போனா எதுக்குக் கொடுத்தோம்னு அதுக்குப் புரியாது. சத்தத்துக்கு மிரளுற நாயா இருந்தா மணி நாக்கில் துணி சுத்தி ஆரம்பிக்கலாம். மணிக்குப் பயமில்லை.

மூணாவது நாளில் இருந்து மணி கதவுக்குப் போயிருச்சு. வெளியே கூட்டிட்டுப் போற ஒவ்வொரு தடவையும் கதவுக்கு முன்னாடி நிப்போம். அவன் மூக்கால மணியைத் தட்டுனாத்தான் கதவு திறக்கும். இப்போ கருவாடு கிடையாது, திறக்கிற கதவுதான் கூலி. காலையில் எந்திரிச்சதும் ஒரு தடவை, சோறு தின்னு கால் மணி, அரை மணியில் ஒரு தடவை, மத்தியானத் தூக்கம் முழிச்சதும், படுக்கப் போறதுக்கு முன்னாடி. அவனுக்கு முட்டுற நேரமும் மணி அடிக்கிற நேரமும் ஒண்ணா வரணும், அப்போதான் ரெண்டும் மனசுல ஒட்டும்.

வெளியே போனா எப்பவும் ஒரே இடம். வாசல்ல இருந்து பத்தடியில் இருக்கிற வேப்பமரத்தடி. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நான் பேசாம நிப்பேன். முடிச்ச உடனே அங்கேயே கருவாடு. வீட்டுக்குள்ள வந்த பிறகு கொடுத்தா, பாதியில் நிறுத்திட்டு உள்ளே ஓடி வரத்தான் கத்துக்கும். அஞ்சு நிமிசத்தில் ஒண்ணும் போகலைன்னா பேச்சு மூச்சில்லாம உள்ளே திரும்பிருவோம்.

இந்தக் கடைசி விதி பத்தாம் நாளே தேவைப்பட்டது. மணி அடிச்சா ஆள் ஓடி வருதுன்னு கண்டுபிடிச்சுட்டான் பயல். பூனை குறுக்கே போனா அடிப்பான், மல்லிப்பூ பறிக்க விடியக்காலம் மூணு மணிக்கு ஆளுங்க டார்ச் கட்டிட்டு வந்தா அடிப்பான். மணி எத்தனை மணிக்கு மணி அடிச்சான்னு கணக்கு எழுதினா சிரிப்பாப் போயிரும். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சேன். கயிறு, வேப்பமரம், அஞ்சு நிமிசம், உள்ளே. விளையாட்டும் இல்லை, திட்டும் இல்லை. ஒரு வாரத்தில் வெட்டி மணி நின்னுபோச்சு. அதுல ஒரு தடவை எந்திரிக்காம விட்டிருந்தா அந்த ஒண்ணு நிஜமான மணியாக்கூட இருந்திருக்கலாம். அப்புறம் அடிச்சுப் பிரயோஜனம் இல்லைன்னு விட்டுட்டு பழையபடி மூணாவது நடை நடப்பான்.

நாயும் மணியும்னு சொன்னா படிச்சவங்களுக்கு ரஷ்யாவின் பாவ்லோவ் ஞாபகம் வரும். அவர் 1904ல் நோபல் பரிசு வாங்கினது ஜீரணத்தைப் பத்தின ஆராய்ச்சிக்கு. அவர் சோதனையில் மனுசன் சத்தம் எழுப்புவான், நாய்க்கு எச்சில் ஊறும். எங்க வீட்டில் அது தலைகீழ். அடிக்கிறது நாய், ஓடுறது நான். எனக்கு ஞாபகம் வர்றது திருவாரூர் மனுநீதிச் சோழன். அந்தக் கதையில் எல்லாரும் தேர்க்காலைப் பத்தியும் இளவரசனைப் பத்தியும் பேசுவாங்க. பசு எப்படி மணி அடிக்கக் கத்துக்கிச்சுன்னு யாரும் கேக்கறதில்லை. அடிச்சா உள்ள இருந்து ஒருத்தர் எந்திரிச்சு வருவார்னு தெரிஞ்சாத்தானே எந்த உயிரும் போய் அடிக்கும்?

மூணு வாரத்தில் மணி ராத்திரிக்கு ஒரே தடவை, ரெண்டு மணி வாக்கில், ரெண்டு தட்டுத் தட்டுவான். நான் முதல்ல ஜன்னல் வழியா டார்ச் அடிச்சு வாசலையும் மரத்தடியையும் பாத்துட்டுத்தான் கதவைத் திறப்பேன். ஐப்பசி மாசம் ஒரு ராத்திரி அப்படித் திறந்தப்போ அவன் நிலைப்படியைத் தாண்டலை. முதுகு மயிர் சிலிர்த்து நின்னுட்டு, தொண்டைக்குள்ளயே உறுமினான். உடனே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவோரமே ஒண்ணுக்குப் போயிட்டு என் மூஞ்சியைப் பாத்தான். "இன்னைக்கு அவன் மேல தப்பில்ல, ஒண்ணும் சொல்லாத"ன்னு கட்டில்ல இருந்து அம்மா சொன்னாங்க. விடிஞ்சு பாத்தா தண்ணித் தொட்டிப் பக்கத்துச் சேத்தில் கால்தடம், என் உள்ளங்கை அகலம், நகம் பதியாத தடம். அன்னைக்கு வீட்டில் யாரும் தரையைத் துடைக்கச் சலிச்சுக்கலை.

இதைக் கேட்டுட்டு கோயம்புத்தூர் தங்கச்சி போன் பண்ணினா. எட்டாவது மாடி, லேப்ரடார் குட்டி, மூணு மாசம். "அண்ணா, எங்க வீட்டுக் கதவுலயும் ஒரு மணி கட்டிரட்டுமா?"

"கட்டு. பகல்ல யாரு எந்திரிப்பீங்க?"

காலையில் ஒன்பது மணிக்குப் போனா ரெண்டு பேரும் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாங்க. மூணு மாசக் குட்டி மூணு நாலு மணி நேரத்துக்கு மேல தாங்காது. யாருமில்லாத வீட்டில் மணி கட்டினா, அடிச்சாலும் ஒண்ணும் நடக்காதுன்னுதான் அது கத்துக்கும். அதுக்கப்புறம் நாம வீட்டில் இருக்கறப்போ கூட அடிக்காது. கடைசியில் மூணாவது மாடியில் ஒரு பாட்டியம்மாவைப் பேசிப் பிடிச்சாள். குட்டியைப் பகலில் அவங்க வீட்டில் விட்டுருவாங்க. மணியும் பகலில் அங்கேதான் தொங்குது. அடுக்குமாடியில் இன்னொண்ணும் பாக்கணும். மணி அடிச்சு, செருப்புப் போட்டு, லிப்ட் வந்து, கீழே இறங்கறதுக்குள்ள குட்டிக்கு வெளியேறிரும். அதனால தூக்கிட்டே போங்க, லிப்ட் தரையில் விடாதீங்க. தூக்கி வெச்சிருக்கிற குட்டி பெரும்பாலும் அடக்கிக்கும்.

கார்த்திகையில் அம்மாவுக்குச் சிறுநீரில் தொற்று வந்து காய்ச்சல் ஆயிருச்சு. டாக்டர் நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னார். பகலில் குடிப்பாங்க. பொழுது சாஞ்சா சொம்பைத் தொட மாட்டாங்க. நடுராத்திரி பாத்ரூம் போகணும்னா ஒரு ஆள் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். விடியக்காலம் பூப்பறிக்கு எந்திரிக்கிற மருமகளை எழுப்பறதான்னு, தாகத்தை அடக்கிட்டுப் படுத்துக்குவாங்க. கேட்டா "தாகமே இல்ல சாமி"ம்பாங்க. உங்க வீட்டுப் பெரியவங்க எத்தனை பேர் இப்படிப் படுத்திருப்பாங்கன்னு ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க.

ஆனா மணி அடிச்சு நான் எந்திரிக்கிற நேரத்தில் மட்டும் அம்மா குரல் வரும்: "நாய்க்கு எந்திரிச்சதுதான் எந்திரிச்சே, என்னையும் ஒரு எட்டு கூட்டிட்டுப் போயிரு." முதல்ல நாயைக் கூட்டிட்டுப் போவேன், வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போவேன். ஒரு நாள் மழையில் மணி அசந்து தூங்கிட்டான், மணியே அடிக்கலை. விடியக்காலம் நாலரைக்கு நான் பால் கறக்க எந்திரிச்சப்போ அம்மா கட்டில்ல உக்காந்திருந்தாங்க. "இன்னைக்கு அவன் ஏன் கேக்கவே இல்ல?"ன்னாங்க. ரெண்டு மணியில் இருந்து காத்திருந்திருக்காங்க.

அன்னைக்கே இன்னொரு மணி வாங்கி வந்து அம்மா கட்டில் கால்ல கட்டினேன். "நானென்ன நாயா?"ன்னு சிரிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் அதை ஒரு தடவை கூட அடிச்சதில்லை. அடிக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு. அதனால இப்போ போன்ல ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சுருக்கேன். மணி அடிச்சாலும் அடிக்கலைன்னாலும் எந்திரிச்சு டார்ச்சை எடுத்துக்கிட்டு, "நாயைக் கூட்டிட்டுப் போகணும், வாங்கம்மா ஒட்டுக்கா உங்களையும் கூட்டிட்டுப் போயிடறேன்"னு சொல்லுவேன். தூக்கத்தில் இருக்கிற மணி ஒரு கண்ணைத் திறந்து, இவனுக்கு என்ன வந்ததுன்னு பாப்பான்.

அம்மா இப்போ பொழுதோட ஒரு சொம்புத் தண்ணி முழுசா குடிக்கறாங்க.